கோளரங்கத்துக் கதவுக்காரி

கோளரங்கத்தில் அவளை எல்லோரும் டார்ச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் தடுமாறுகிறவர்களை நாற்காலியில் உட்கார வைப்பது அவள் வேலை. கூட்டம் அடங்கியதும் பெரிய கதவைச் சாத்தித் தாழ் போடுவாள். தீப்பிடித்தால் ஒழிய, காட்சி முடியும்வரை அது திறக்காது. கண் இருட்டுக்குப் பழக வெகுநேரம் பிடிக்கும். ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்துவிட்டால் போதும், கூரை முழுக்க இறைந்து கிடக்கிற நட்சத்திரங்கள் ஒரே நொடியில் காணாமல் போய்விடும். இத்தனை வருஷத்தில் அவள் காவலில் ஒரு நட்சத்திரம்கூட அப்படித் தொலைந்ததில்லை.

காட்சியின் நடுவில் ஒரு கட்டம் வரும். ஒலிநாடாவில் பேசுகிற குரல் பார்வையாளர்களைப் பூமியிலிருந்து தூக்கிக்கொண்டு கிளம்பும். பூமி ஒரு நீலமணியாகும். சூரியன் நெரிசலில் தொலைந்த குழந்தைபோல மற்ற நட்சத்திரங்களுக்குள் போய்விடும். பிறகு அந்த நட்சத்திரக் கூட்டமே தரையில் சிந்திய மாவுபோலத் தெரியும். அதைப் போல இன்னொன்று, இன்னும் ஆயிரம், கோடி. அங்கே குரல் பேச்சை நிறுத்திக்கொள்ளும். அந்த மௌனத்தில்தான் யாராவது ஒருவருக்கு நெஞ்சு அடைக்கும். முறுக்கு மீசை வைத்த ஆட்கள்கூட, என்னமோ பண்ணுதும்மா, வெளியே விட்டுடு என்று கெஞ்சியிருக்கிறார்கள்.

அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வாள். உங்க வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனா முதல்ல என்ன இருக்கும் என்று காதோடு கேட்பாள். ஒருவர் ஃப்ரிட்ஜ் என்பார். இன்னொருவர் கிழிந்த சோஃபா என்பார். சொல்லச் சொல்ல மூச்சு சீராகிவிடும். ஊரில் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் எந்த மூலையில் இருக்கிறது என்று திருடனைவிட அக்காவுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது காட்சியை ஓட்டுகிற ஆப்பரேட்டரின் நிரந்தரக் கிண்டல்.

அவளுடைய வீட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கதவைத் திறந்தால் அங்கே கட்டில்தான் இருக்கும். கட்டிலில் அம்மா. பாதி உடம்பு செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. நேரம் தவறாமல் திருப்பிப் போட வேண்டும். தவறினால் முதுகு புண்ணாகிவிடும். பகலெல்லாம் அண்ணி பார்த்துக்கொள்வாள். வேலை முடிந்து வந்ததும் இவள். அண்ணன் மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். வீட்டில் தங்குகிற நாட்களில், ரெண்டு பேரும் நல்லா பாத்துக்கறீங்க என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் பேப்பரை விரிப்பான். ஒரு காலத்தில் இவளுக்கு வரன்கள் வந்தன. அம்மாவை யார் பார்ப்பது என்ற பேச்சில் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், பிறகு வருவதே நின்றுவிட்டது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட இருவரும் ஒரே நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே. திருப்பிப் போட்டாச்சு, மருந்து குடுத்தாச்சு. ஷிப்டு மாறுகிற தொழிலாளிகளைப் போல அவ்வளவுதான் பேச்சு.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு கதவு திறந்தது. வேறொரு ஊரில் புதிய கோளரங்கம் வருகிறது. அரங்கப் பொறுப்பு, தங்குவதற்குத் தனி அறை. மேனேஜர் அவள் பெயரைச் சொல்லியிருந்தார். அங்கே நீ இருந்தால் கதவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு அந்த ஊர்ப் பெரியவர்கள் அவளைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் பதில் வேண்டும்.

வீட்டில் சொன்னபோது அண்ணன், உன் இஷ்டம்மா என்று பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அண்ணி எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனாள். அன்றைக்குப் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகத்தான் பேசின. ஆனாலும் இவள் போவதென்று முடிவு செய்துவிட்டாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தாள். போகப்போகிறோம் என்ற நினைப்பே நெஞ்சுக்குள் காற்றுபோல நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியின் வரிசையில், கையில் டிக்கெட்டோடு அண்ணி நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை.

"உங்க அண்ணன் இன்னிக்கு வீட்லதான இருக்காரு. அப்படி என்னதான் காட்டறீங்கன்னு பாக்க வந்தேன்" என்றாள், கண்ணைப் பார்க்காமல்.

கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணியை உட்கார வைத்தாள். காட்சி தொடங்கியது. பூமி மணியானது, சூரியன் தொலைந்தது, நட்சத்திரங்கள் மாவாகச் சிந்தின. குரல் நின்றது. மௌனத்தில் பக்கத்திலிருந்து ஒரு விக்கல் எழுந்தது. அண்ணி இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இவள் மண்டியிட்டுக் கையைப் பிடித்தாள். பழகிப்போன வாய், யோசிக்காமல் பழைய கேள்வியையே கேட்டது.

"பயப்படாதீங்க அண்ணி. நம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல என்ன இருக்கும்?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது உறைத்தது.

"கட்டில். கட்டில்தான் இருக்கும். நீ போயிட்டா அந்தக் கட்டிலும் நானும்தான். இவ்ளோ பெரிய வானம் இருக்குங்கற, இதுல எனக்கு நிக்க ஒரு இடம் இல்லையாடி?" அண்ணியின் மூச்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது. "கதவைத் திற. செத்துடுவேன். திறந்துடு."

எத்தனையோ பேர் கெஞ்சியும் அசையாத கை அது. ஆனால் அண்ணி சொன்ன ஒவ்வொரு சொல்லும், இவள் இரவெல்லாம் அந்தக் கட்டிலின் கீழே படுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் விழுங்கிய சொல். தன் குரலையே இன்னொருத்தி வாயில் கேட்டால் எப்படித் தாங்குவது? தாழை இழுத்தாள்.

மாலை வெயில் ஓர் அகலமான பட்டையாக உள்ளே பாய்ந்தது. கோடானுகோடி நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கூரை தெரிந்தது. கூட்டம் ஆவென்று கூச்சல் போட்டது. ஆப்பரேட்டர் மேடையிலிருந்து, யாருய்யா அது என்று கத்தினார். அண்ணி வெளியே ஓடினாள். இவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, உள்ளேயே நின்றாள்.

மேனேஜர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தப்பட்டார். அங்கே உன்னை அனுப்புவதே இந்தக் கதவுக்காகத்தானே, பார்க்க வந்த பெரியவர்களிடம் இனி என்ன சொல்லி உன்னை நிறுத்துவேன் என்று கேட்டார். என் அண்ணி சார், அவங்களுக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அண்ணி எதற்குப் பயந்தாள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். சரி சார் என்று வந்துவிட்டாள்.

அண்ணி வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"சார் என்ன சொன்னாரு?"

"வேற ஆளைப் பாக்கறாங்களாம்."

அண்ணியின் தோள்கள் மெல்லத் தளர்ந்து இறங்கின. வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றாள், முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது உண்மை. அந்த நீருக்குப் பின்னால் நின்ற நிம்மதியும் உண்மை. இவள் இரண்டையும் பார்த்தாள். கோபப்படலாம் என்று உள்ளே தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. சாரின் பதில் மாறி, வேலை கிடைத்திருந்தால் இதே நிம்மதி தன் முகத்தில் இருந்திருக்கும்.

"அம்மாவைத் திருப்பிப் போடணும், உங்க அண்ணன் மறந்துடுவாரு" என்று அண்ணி எழுந்தாள். சாலையைக் கடக்கும்போது இவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். வண்டிகளுக்குப் பயந்து பிடித்த பிடி அல்ல அது. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் விடவில்லை.