அங்கமுத்து கடை உப்பில்லாச் சாம்பார்

பாடாலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அங்கமுத்து காப்பிக் கிளப் வைத்திருந்தான். ஆள் வாட்டசாட்டம், மீசை அதைவிட வாட்டசாட்டம். கடை வாசலில் சண்டை போடும் வண்டிக்காரர்களை ஒரே அதட்டலில் பிரித்துவிடுவான். அப்படிப்பட்டவன் விடிந்ததும் முதல் வேலையாகப் பெண்டாட்டியின் காலைப் பிடிக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது. பேச்சு பொய்யில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு அமிர்தவல்லி அரும்பாவூரில் தாய்வீட்டில் இருந்தாள். எட்டாம் மாதக் கடைசியில் முகமும் காலும் வீங்கின. பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சகஜம் என்றார்கள். தலைவலிக்குப் பற்றுப் போட்டார்கள். ஒரு காலையில், கண் இருட்டுகிறது என்றவள் அப்படியே விழுந்தாள், கைகால் வெட்டி இழுத்தது. காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடித்ததில் பாதிப் பகல் போயிற்று. மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாகத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது வயிற்றில் குழந்தைக்கு உயிர் இல்லை. அவள் பிழைத்து எழுந்ததே பெரிது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அங்கமுத்துவை உட்கார வைத்துச் சொன்னாள். “ரத்தக்கொதிப்பு ஏறி வந்த வலிப்பு இது. ஒரு தரம் வந்தவங்களுக்கு மறுதரமும் வரலாம். கட்டாயம் வரும்னு சொல்லல. ஆனா முன்கூட்டியே பாத்துட்டா காப்பாத்திடலாம். அடுத்தது உண்டான உடனே கூட்டிட்டு வாங்க.”

அதுவரை யார் பேச்சையும் முழுசாகக் கேட்டிராத அங்கமுத்து அந்தப் பேச்சை மட்டும் கேட்டான்.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி உண்டானாள். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. மாதம் தவறாமல் அந்தப் புகையில் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப் போனான். வீக்கம், தலைவலி, கண் மங்கல், இந்த மூன்றில் எது வந்தாலும் ஓடி வரச் சொல்லியிருந்தார்கள். ஆகவே தினமும் காலையில் அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பான். குழி விழவில்லை என்றால்தான் அடுப்பு பற்றவைப்பான். உப்பைக் குறைக்கச் சொன்னதால் அவளுக்கென்று தனியாக ஒரு சட்டியில் சமைத்தான். கவலையில் சட்டி மாறி, அவள் சாம்பார் பல நாள் கிளப்புக்கு வந்துவிடும். பஸ் டிரைவர் ராசாங்கம் ஒரு வாய் வைத்துவிட்டு, இந்தக் கிளப்புக்கே மசக்கை போலிருக்கிறது என்பான். கடையே சிரிக்கும். அங்கமுத்து சிரிக்காமல் உப்பை எடுத்து வைப்பான்.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கிப் பெண்ணை அழைத்துப் போக மாமியார் கொளஞ்சியம்மாள் வந்தாள்.

“அத்தை, வளையல் போடுங்க. பொண்ணை மட்டும் அனுப்ப மாட்டேன்” என்றான் அங்கமுத்து.

“மொத புள்ளைக்கு வந்தது இதுக்கும் வருமா மாப்ளே? கெட்டதையே நெனைக்காதீங்க.”

அமிர்தவல்லிதான் சொன்னாள், “கடையை வுட்டாலும் வுடுவாரும்மா, என் காலை வுட மாட்டாரு.”

கொளஞ்சியம்மாள் வளையலை மட்டும் அடுக்கிவிட்டாள். முதல் பிள்ளையின்போது வேப்பிலைக்கு ஆள் அனுப்பியவள் அவள்தான். மருமகன் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவளும் பாடாலூரிலேயே தங்கிவிட்டாள்.

அங்கமுத்து எல்லாம் தயாராக வைத்திருந்தான். துணி மூட்டை கட்டி மூலையில் இருந்தது. எந்த நேரமானாலும் இரண்டு இடம் தருவதாக ராசாங்கத்திடம் சத்தியமே வாங்கியிருந்தான். எட்டாம் மாதம் ஒரு நாள் காலையிலும் குழி விழவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவன் வடை தட்டிக்கொண்டிருந்தபோது அமிர்தவல்லி கதவைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

“என்னங்க, தலை பொளக்குது. பஸ்ஸு ரெண்டா தெரியுது.”

இத்தனை மாதம் யோசித்து வைத்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் அவனை விட்டுப் போயிற்று. நிஜமாகவே இரண்டு பஸ் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். அவளே மூட்டையை எடுத்தாள், அம்மாவிடம் கடையைச் சாத்தச் சொன்னாள், மெல்ல நடந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஜல்லிக்கரண்டியோடு அங்கமுத்து பின்னால் ஓடினான்.

வழியில் ஒரு மேட்டில் கரி பஸ் மூச்சடைத்து நின்றது. உப்பில்லாச் சாம்பாருக்குச் சிரித்த ஆட்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். யாரும் கேலி பேசவில்லை. கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கமுத்து எல்லாருக்கும் முன்னால் நின்று தள்ளினான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கொதிப்பு உச்சத்தில் இருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் போன தடவை மாதிரிதான் என்று டாக்டரம்மா சொன்னாள். வெளிச்சமும் சத்தமும் ஆகாது என்று அமிர்தவல்லியை இருட்டறையில் படுக்க வைத்து மருந்து கொடுத்தார்கள். வராந்தாவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அங்கமுத்துவின் வேலை. அந்தத் தொண்டைக்கு அது சின்ன வேலையில்லை. பிறகு வலி வரவழைத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். அவன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பஞ்சில் சுற்றி வளர்த்து ஒரு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். சாந்தா என்று பெயர் வைத்தான்.

மூன்றாவது, சுதந்திரம் வந்த மறுவருஷம். இதற்கும் வரலாம் என்றே டாக்டரம்மா சொன்னாள். அங்கமுத்து கிளப்பையும் சாந்தாவையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் குச்சுவீடு பிடித்துப் பெண்டாட்டியோடு முன்னதாகவே போய் உட்கார்ந்தான். காத்துக் காத்துப் பார்த்தான். வீக்கம் இல்லை, தலைவலி இல்லை, கொதிப்பும் ஏறவில்லை. வராமலும் போகும் என்பதை மட்டும் அவனால் நம்ப முடியவில்லை. ராப்பகலாய் விழித்துக் கிடந்தவன், வலி கண்ட அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி மரத்தடியில் குறட்டை விட்டுத் தூங்கிப்போனான்.

ஆயா மருதாயி வந்து உலுக்கினாள். “பையன் பொறந்து ஒரு நாழியாச்சு, எந்திரிங்க.”

“அவளுக்கு?”

“அவுங்களுக்கு என்ன? பசிக்குதாம். உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க.”