முருங்கைக் கிளையில் ஒரு வாசல்

என் ஜன்னல் விளிம்பில் ஒரு முருங்கைக் கிளைத் துண்டு இருக்கிறது. முழங்கை நீளம். பட்டை உரிந்து வெளுத்துப்போய்விட்டது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. அதன் அடிப்பக்கத்தில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல ஒரு வட்டத் துளை. நில அளவை வரைபடங்களோடு காலம் தள்ளியவள் நான். அப்படியொரு வட்டத்தைக் கை நடுங்காமல் போடுவது எத்தனை சிரமம் என்று எனக்குத் தெரியும். வீடு பெருக்க வருகிற பெண் ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு, "விறகுதானேம்மா, அடுப்புக்குக் கொண்டுபோகவா?" என்றாள். விறகு இல்லை, வீடு என்றேன். திருக்காட்டுப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த இத்தனை நாளில் நான் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அநேகமாக அதுதான்.

கீழ்வேளூரில் வேலை பார்த்த வருடங்களில் நான் லாத்தா வீட்டு மாடியில் குடியிருந்தேன். அந்தத் தெருவில் அக்காவை லாத்தா என்பார்கள். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அவர் லாத்தா. கணவர் குவைத்தில். பிள்ளைகள் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில். கீழே அவர் தனி, மேலே நான் தனி. சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்ததும் கொல்லைப்படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் டீ குடிப்போம். அந்த நேரத்தில்தான் குவைத்திலிருந்து வீடியோ கால் வரும். லாத்தாவின் கணவரை நான் அண்ணன் என்பேன்; அவர் அந்த வீட்டை அங்கிருந்தபடியே நடத்தினார். கொத்தனாரிடம் பேசுவார், பெயின்டரிடம் பேசுவார், தண்ணீர்த் தொட்டியைக் காட்டச் சொல்வார். கடைசியில் லாத்தாவிடம், "வேற என்ன?" என்பார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார் லாத்தா. எந்த நாளும் அதே கேள்வி, அதே பதில்.

ஒரு மாசி மாதம், துணி துவைக்கிற இடத்துச் சிமென்ட் ஷீட்டுக்கு மேலே நீண்டிருந்த முருங்கையின் பட்ட கிளைக்கு, இந்தத் துளையைப் போட்ட மரங்கொத்தி வந்தது. கோடியக்கரைக் காட்டில் ஒருமுறை பார்த்திருந்தேன். வீட்டுக் கொல்லைக்கு வரும் என்று நினைக்கவில்லை. சிட்டுக்குருவி அளவுதான். பழுப்புத் தலை. கரும்பழுப்பு முதுகில் குறுக்கே வெள்ளை வரிகள். அழுக்கு வெள்ளை மார்பில் பென்சிலால் இழுத்ததுபோலக் கீற்றுகள். ஆணுக்குக் கண்ணுக்குப் பின்னால் மயிரிழை போல ஒரு சிவப்பு. தலையைத் திருப்பி வெயில் பட்டால்தான் தெரியும். பெரிய மரங்கொத்திபோல ஊரைக் கூட்டாது. விரல் கனமுள்ள சுள்ளிகளில்கூடத் தலைகீழாகத் தொற்றி நகர்ந்து, பட்டையைத் தட்டித் தட்டிப் பூச்சி எடுக்கும். ஒன்று இந்தக் கிளையில் இருந்தால் மற்றது பக்கத்து மரத்திலிருந்து மெல்லிசாகக் 'கிர்ர்' என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். கிளையின் அடிப்பக்கத்தில், மழைநீர் இறங்காதபடி, இரண்டும் மாறி மாறித் துளை போட்டன. கீழே மரத்தூள் கொட்டியது.

"நாம கூப்பிட்டா எந்த ஆசாரி சொன்ன நாள்ல வர்றான்? இது கூப்பிடாமலே வந்து வேலை பாக்குது பாரு புள்ள" என்று லாத்தா சிரித்தார். அன்றிலிருந்து அதற்கு ஆசாரி என்று பெயர்.

குஞ்சுகள் கத்தத் தொடங்கிய வாரம் லாத்தாவுக்கு நிலைகொள்ளவில்லை. கால் வந்ததும் போனை மரத்தின் பக்கம் திருப்பி, "அங்க பாருங்க மச்சான், தெரியுதா, வாயில புழு வச்சிருக்கு" என்றார். அண்ணனுக்குக் குருவி தெரியவில்லை. ஷீட்டுக்கு மேலே தொங்கிய பட்ட கிளை தெரிந்தது. புயலில் விழுந்த மரங்களைத் தொலைவிலிருந்து டிவியில் பார்த்துத் தூக்கம் கெட்டவர் அவர். "சரி, பாத்துக்குறேன்" என்றார். குருவியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் உறவுக்காரர் வீட்டு நிக்காஹுக்கு லாத்தா என்னையும் அழைத்துப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கிளை தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. மரம் வெட்டுகிறவர் தலைத்துண்டை உதறிக்கொண்டு, "பாய் போன் பண்ணாங்கம்மா. நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடச் சொன்னாங்க" என்றார். நல்லது செய்த முகம். ஒரு துண்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. மேலே, முன்பு துளை இருந்த உயரத்தில், வெறும் காற்றில், அலகில் புழுவோடு ஆண் குருவி வந்து சிறகடித்து நின்றது. தொற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. திரும்பிப் போனது. மறுபடி அதே இடத்துக்கே வந்தது.

லாத்தா உள்ளே போய் அண்ணனின் பழைய கைலியைக் கிழித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, வெட்டுனது நீங்க. கட்டுறதும் நீங்கதான்" என்றார் மரம் வெட்டியவரிடம். அவர் மறு பேச்சில்லாமல் ஏணி போட்டு, அந்தத் துண்டை, துளை கீழே பார்க்க, மரத்திலேயே கட்டினார். பிறகு காத்திருந்தோம். டீ ஆறிப்போனது. குஞ்சுகள் கத்தின. ஆண் காற்றையே தேடிக்கொண்டிருந்தது. வெயில் இறங்குகிற நேரத்தில் பெண் குருவி அடிமரத்தில் வந்து அமர்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, கைலித் துணியைச் சுற்றி ஏறி, துளைக்குள் தலையை விட்டது.

லாத்தா கால் வந்ததும் போனைத் தூக்கிக் கிளையின் பக்கம் பிடித்தார்.

"என்ன சத்தம் அது?"

"குஞ்சு. வீட்டைக் காணோம்னு ஆத்தாளும் அப்பனும் அலைஞ்சுதுங்க. இதுங்க கத்துனதாலதான் வந்து சேந்துச்சுங்க." நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். படியேறுவதற்குள் அடுத்ததும் காதில் விழுந்துவிட்டது. "மச்சான், நான் ஒருநாளும் கூப்பிட்டதில்ல. இப்ப கூப்பிடுறேன். போதும், வந்துடுங்க."

அடுத்த நோன்புக்கு முன்னால் அண்ணன் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு வந்துவிட்டார். தான் சொல்லிச் சொல்லிக் கட்டிய வீட்டில், சுவிட்சைத் தேடி அவர் கை பழைய இடத்துச் சுவரையே தடவியது. "அங்க இல்லங்க, நீங்கதானே மாத்தச் சொன்னீங்க" என்று லாத்தா கேலி செய்வது மாடிவரை கேட்கும். கொல்லைப்படியில் அவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். என்னையும் அழைக்கத்தான் செய்தார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே உட்கார்ந்து டைரி எழுதினேன். மாற்றல் வந்தபோது, குஞ்சுகள் பறந்துபோனபின் இறக்கி வைத்திருந்த இந்தத் துண்டை லாத்தா கைலித் துணியோடு சுற்றிக் கொடுத்தார்.

இங்கே காவிரிப் படுகையில் மரங்களுக்குக் குறைவில்லை. இன்று காலை வாகை மரத்திலிருந்து அந்தக் 'கிர்ர்' கேட்டது. நின்று பார்த்தேன். ஒற்றைக் குருவி. சற்று நேரம் கழித்து மீண்டும் குரல் கொடுத்தது. பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து லாத்தாவுக்குப் போன் செய்தேன். மாற்றலாகி வந்தபின் நானாகச் செய்வது இதுவே முதல் முறை. பின்னால் அண்ணன் எதையோ தேடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கே புள்ள?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு லாத்தா."

"இதை நான் எத்தனை வருஷம் சொல்லியிருக்கேன், என்கிட்டயேவா? எப்ப வர்றே, சொல்லு."

போனைக் காதில் வைத்தபடி, ஜன்னல் விளிம்பில் இருந்த துண்டைத் துளை கீழே பார்க்கத் திருப்பி வைத்தேன். லாத்தா காத்திருந்தார்.