எங்கள் சங்கத்தின் இரண்டு பிரசிடெண்டுகள்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பட்டறைகள் பல, சூளை ஒன்று. அதை எப்போது ஏற்றுவது, எப்போது திறப்பது என்று முடிவு செய்கிறவர் சங்கத்தின் பிரசிடெண்டு. நாட்டை ஆள்கிறவர்கள்கூட இவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். அப்படி இரண்டு பேரை நான் பார்த்துவிட்டேன். இருவரையும் திட்டியவர்களில் நானும் உண்டு, அதுவும் முன்வரிசையில்.

முதலாமவர் சிடுமூஞ்சி. யாரையும் எதுவும் கேட்க மாட்டார். எண்ணெய்ச் சூளையை மூடிவிட்டு கேஸ் சூளை கொண்டுவந்தவர் அவர்தான். அதற்காக அவரை வறுத்தெடுத்து, சர்வாதிகாரி என்று பட்டம் கட்டி இறக்கியவர்கள் நாங்கள். இன்று எங்கள் பொம்மைகளில் புகைக்கறை இல்லையென்றால் அதற்கு அவர்தான் காரணம். அதை ஒருநாளும் நாங்கள் அவரிடம் சொன்னதில்லை.

அடுத்து வந்தவர் நேர்மாறு. டீ குடிக்கக்கூட நாலு பேரைக் கேட்பார். “நீங்க என்ன சொல்றீங்கம்மா?” என்று அவர் ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

போன வருஷம் கொலுவுக்கு முன்னால், சரக்கு ஏற்ற சென்னையிலிருந்து லாரி வந்து நின்றது. சூளை இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் திறந்தால் பொம்மை தாங்காது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் பொறுமை இல்லை. சூளையடியில் அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனேன்.

“வாணாம்மா, நாளைக்கு ஆவட்டும்” என்றார்.

“கொஞ்சமா திறந்துவுடுங்க, ஒண்ணும் ஆவாது. லாரி போயிட்டா என் பொழப்பு என்னாவறது?” என்று அவரைப் பிய்த்தெடுத்துவிட்டேன்.

திறந்தார். காற்று பட்டதும் உள்ளே டிங், டிங் என்று சத்தம். அத்தனை பட்டறைகளின் பொம்மைகளும் விரிசல் விட்டுவிட்டன.

மறுவாரம் கூட்டம். அவரை இறக்கியே தீர வேண்டும் என்று ஒரே கூச்சல். “தப்பு என்னுதுதாங்க” என்றார், அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்துவிடலாம். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து நின்றேன்.

“திறக்கச் சொன்னது நான்தாங்க. அவரு வாணாம்னுதான் சொன்னாரு.”

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அடுத்து என்னைக் கிழிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். பின்வரிசையில் பழைய பிரசிடெண்டு எழுந்தார். சரி, இன்றைக்கு இந்த மனுஷன் கணக்குத் தீர்க்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“நானா இருந்தா இந்தம்மாவ சூளகிட்டயே அண்ட வுட்டிருக்க மாட்டேன். பொம்மையும் ஒடஞ்சிருக்காது” என்றார். “ஆனா நான் இருந்த வரைக்கும், தப்பு என்னுதுன்னு ஒருத்தரும் எழுந்து நின்னதில்லீங்க. அவ்ளோ பயம் என்கிட்ட. இவரு காலத்துல நிக்கிறாங்க. இவரே இருக்கட்டும்.”

ஓட்டெடுப்பு என்று யாரும் சொல்வதற்கு முன்பே பழையவர் கையைத் தூக்கிவிட்டார். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. என் கை மட்டும் கொஞ்சம் தாமதம், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.