பாஸ் தேடி வந்தவரும் காஹவாயும்

“பட்டம் எடுத்துப்போட்டு, திரும்பவும் மீன் மணத்துக்கையோ நிக்கப்போறாய்?”

நாங்கள் குடியேறிய நாட்டில், மவுண்ட் வெல்லிங்டனில் தூண்டில் சாமான் கடையொன்றில் எனக்கு வேலை கிடைத்த அன்று அம்மா கேட்டது இது. மன்னாரில் அவர் கருவாடு காயவைத்தவர். அப்பா வலை இழுத்தவர். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். படித்ததும் கடலையும் மீனையும் பற்றித்தான். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

கடை முதலாளி மணியம் அங்கிள் மலேசியாக்காரர். சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர்களை மீன்பிடிக்க அழைத்துப்போகும் கைடு வேலையும் கடையில் உண்டு. எனக்கு அதுதான் வேண்டும். நான் கேட்டுக் கேட்டு அவர் காது புளித்துப்போயிருந்தது.

இங்கே இலையுதிர் காலமான ஏப்ரலில் ஒரு நாள் செந்தில் அண்ணா கடைக்கு வந்தார். ஐ.டி. வேலை, ஹில்ஸ்பரோவில் வீடு, பல வருஷம் அமெரிக்காவில் இருந்தவர்.

“ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்கணும். இலையுதிர் காலத்துல ஆத்து மீன்னா அதான். எந்த ஆறுன்னு மட்டும் சொல்லுங்க.”

“அந்த மீன் இந்த நாட்டிலயே இல்லை அண்ணா.”

“ஆறு இருக்கு, குளிர் இருக்கு, மீன் மட்டும் இல்லையா? யாரையாவது கேட்டுச் சொல்லும்மா.”

அங்கிள் சிரித்துவிட்டார். “இல்லாத மீனுக்கு ஆள் வந்தாச்சு. சனிக்கிழமை நீயே கூட்டிக்கிட்டுப் போ லா. இவருக்கு மீன் கிடைச்சா கைடு வேலை உனக்கு. கிடைக்கலன்னா கல்லாவுல நில்லு, மறுபடி கேக்கக் கூடாது.”

வைக்காட்டோ ஆறு கடலில் விழும் இடத்துக்கு அந்தப் பருவத்தில் சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு காஹவாய் மீன்கள் கூட்டமாக வரும். பாஸைப் போலவே லூர் என்ற போலி இரையைக் கடிக்கும், துள்ளும் என்று அவரிடம் சொன்னேன்.

“சரி, பாஸோட தம்பின்னு நெனச்சுக்கறேன்” என்றார் செந்தில் அண்ணா.

சனிக்கிழமை கடல் ஏறத் தொடங்கியபோது அந்த ஆற்று முகத்து மணலில் நின்றோம். பறவைகள் தண்ணீரில் பாய்ந்துகொண்டிருந்தன. கீழே மீன் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் மாட்டியது. எங்களுக்கு மட்டும் இல்லை. பறவைகள் மெல்ல விலகத் தொடங்கின.

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். அழகாக வீசினார். ஆனால் மெல்லச் சுற்றி, நிறுத்தி, மறுபடி மெல்லச் சுற்றினார். குளிர்ந்த தண்ணீரில் சோம்பிக் கிடக்கும் பாஸுக்கு அது சரி.

“அண்ணா, கெதியாச் சுத்துங்கோ! நிப்பாட்டாதேங்கோ!”

“இந்த சீசன்ல மெதுவாத்தாம்மா சுத்தணும்.”

“அது பாஸுக்கு. இது துரத்துற மீன், தப்பி ஓடுறதைத்தான் கடிக்கும். கை நோகச் சுத்துங்கோ!”

சுற்றினார். தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. ராட் வில்லாக வளைந்தது. ரீல் அலறியது.

“ஏய், ஏய்! என்னம்மா இது, லாரியா மாட்டிருக்கு?” நூலை இறுக்க அவர் கை டிராக் திருகுக்குப் போனது.

“அதைத் தொடாதேங்கோ, அறுந்திடும்! ஓட விடுங்கோ!”

வெள்ளியாக ஒரு மீன் அலைக்கு மேல் எழும்பி விழுந்தது. அவரைவிட நான்தான் அதிகம் கத்தினேன். அலை ஒதுக்கியபோது ஓடிப்போய் வாலைப் பிடித்தேன்.

“அமெரிக்காவுல போட்டோ எடுத்துட்டு விட்டுடுவோம்” என்றவர் மீனையே பார்த்தார். “குழம்புக்கு நல்லாருக்குமா?”

“உடன ரத்தம் வடிச்சால் அருமையா இருக்கும்.” கத்தியை எடுத்தேன்.

அதன் பிறகு பிடித்ததில் ஒன்றை எனக்குத் தந்தார். வீட்டில் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

“ஆர் பிடிச்சது?”

“அவர் பிடிச்சது. நான் பிடிக்க வைச்சது.”

“ரத்தம் வடிவா எடுத்திருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினார்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாடிக்கையாளர் தான் பழகிய தண்ணீரையும் கூடவே கொண்டுவருவார். அவர் கண்ணை முன்னால் இருக்கும் தண்ணீருக்குத் திருப்புவதுதான் கைடின் வேலை.

இப்போது சனிக்கிழமைகள் என்னுடையவை. ஆனால் மீன் கூட்டம் விலகும்போது கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் படகு ஓட்டக் கற்றுத்தரும் ஸ்கிப்பர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். போன வாரம் துறையிலிருந்து படகை நானே வெளியே எடுத்தேன்.