நான் சாகடித்த மாடுபிடிக்காரர்

அப்போது நான் கொல்லிமலை அடிவாரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு நிருபரும் நானே. மழை, கோயில் திருவிழா என்று எதையாவது எழுதி அனுப்புவேன். ஒரு தை மாதம் ஆசிரியர் கார்டு போட்டார். வாசகர்கள் விளையாட்டுச் செய்தி கேட்கிறார்களாம். மலைமேல் நடக்கும் மாடுபிடியைப் பற்றி விரிவாக வேண்டுமாம்.

மலைக்கு ரோடு கிடையாது. அரைநாள் ஏற வேண்டும். சோம்பல்பட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். மாடுபிடிக்கு மறுநாள் மிளகு மூட்டையோடு இறங்கி வந்த ஆலத்தூர் நாட்டுக்காரர் ஒருவரை நிறுத்தி விசாரித்தேன். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திருப்புலி நாட்டு ஆள் ஒருவரை மாடு தொடையில் குத்திக் கிழித்துவிட்டதாகச் சொன்னார்.

“பொழைக்க மாட்டாருங்க” என்றார்.

பத்திரிகை வெளிவர நான்கு நாளாகும். அதற்குள் எப்படியும் போய்விடுவார் என்று நானே முடிவுசெய்து, அவர் சொன்ன ஆள் பெயர், ஊர்ப் பெயரோடு ‘மாடு முட்டி வீரர் மரணம்’ என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். முதல் பக்கத்தில் வந்தது. அன்று முழுக்க எனக்குப் பெருமைதான்.

ஒரு மாதம் கழித்து, கோலூன்றிக்கொண்டு ஒருவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

“ஏனுங்க, பேப்பருக்கு எழுதறது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

“நான்தானுங்க அந்தச் செத்துப்போனவன்.”

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். எடப்புளி நாட்டில் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை சந்தைக்கு வந்திருந்தபோது, காப்பிக்கடையில் யாரோ செய்தியை உரக்கப் படித்திருக்கிறார்கள். கொண்டுவந்த மிளகை அப்படியே போட்டுவிட்டு அழுதுகொண்டே மலையேறியிருக்கிறாள். போய்ப் பார்த்தால் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தாராம்.

“மன்னிச்சுக்கங்க. சரியா விசாரிக்காம எழுதிட்டேன்” என்றேன்.

“அது போவட்டுங்க. அந்த மாட்ட நான் புடிச்சனுங்க. மூணு சுத்து திமில விடல. அப்புறந்தான் குத்துச்சு. அத ஏனுங்க எழுதல?”

அதை நான் கேட்கவேயில்லை. காயம் என்று காதில் விழுந்ததுமே செய்தி கிடைத்துவிட்டதாக எண்ணிவிட்டேன். அவரையே சொல்லச்சொல்லி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ‘மேற்படியார் உயிருடன் இருக்கிறார், வருந்துகிறோம்’ என்று மட்டும் வெளிவந்தது. மற்றதற்கு இடமில்லை என்று ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது.

மறு வருஷம் மாடுபிடிக்கு முதல் நாளே மலையேறிவிட்டேன். கால் சரியாகக் கூடாததால் அவர் களத்தில் இறங்கவில்லை. வேலியோரம் என் பக்கத்தில் நின்று, எந்த மாடு எந்த நாட்டுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாட்டை எடப்புளி நாட்டுக்காரர் ஒருவர் பிடித்தார். யாருக்கும் பெரிய காயமில்லை. பிடிபட்ட மாட்டின் நிறம் செவலை என்பதுவரை, பார்த்ததை மட்டும் எழுதினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு மூலையில் போட்டார்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக்காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“எல்லாஞ் சரிங்க. அந்த மாடு மட்டும் செவலை இல்லீங்க, மயிலை” என்றார்.