திறக்காத மெயில்

தொண்ணூற்றொன்பதில் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கல்லல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அங்கே வருவார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. சட்டைப் பையில் ஒரு பிளாப்பி இருக்கும். விழுந்துவிடக் கூடாதென்று அதன்மேல் கையை வைத்தபடியேதான் நிற்பார்.

அவர் மகன் வெளிநாடு போகுமுன் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, அப்பாவுக்கு மெயில் பார்க்கவும் பழக்கிவிட்டுப் போயிருந்தான். ஒரு மழையில் இடி விழுந்து, போன் லைன் வழியாக இன்டர்நெட்டை இணைக்கும் மோடம் எரிந்துபோனது. புது மோடம் வாங்கினார். அதை லினக்ஸில் இயங்க வைக்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். அதை இறக்க வீட்டில் இன்டர்நெட் இல்லை. நான் சென்டரில் இறக்கிப் பிளாப்பியில் கொடுப்பேன். ஏதாவது ஒரு ஃபைல் குறையும், மறுபடி வருவார்.

இதற்கிடையில் மகன் அங்கே விபத்தில் இறந்துபோனான். கருமாதி முடிந்த மறுநாள் அதே பிளாப்பியோடு வந்து நின்றார்.

“லினக்ஸை அழிச்சுட்டு விண்டோஸ் போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும், ஐயா” என்றேன்.

“அவன் போட்டதை அழிக்க வேணாம் தம்பி. வீட்டுக்கு ஒருதரம் வாரீகளா?”

போனேன். சாயங்காலத்துக்குள் மோடம் வேலை செய்தது. ஒரு மெயில் வந்து இறங்கியது. மகன் பெயர், அவன் சாவதற்கு முந்தின நாள் தேதி. திறக்கப்போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

“இதையும் படிச்சுட்டா அவன்கிட்டருந்து வர ஒண்ணுமில்ல தம்பி. கிடக்கட்டும்.”

அதன்பிறகு அவர் சென்டருக்கு வரவேயில்லை. அந்த மெயிலில் மகன் அவரிடம் ஏதாவது கேட்டிருப்பானோ என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.