மே மாதத்தில் பனிமலை

என் அக்கா மலையேறப் பழகியது தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில். ஆபீஸ் முடிந்து மின்சார வண்டியில் வந்து இறங்கியதும் நேராக வீட்டுக்கு வரமாட்டாள். கிழக்குப் பக்கம் ஏறி மேற்கில் இறங்குவாள். கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பவும் ஏறுவாள். நான் அவளுடைய கைப்பையையும் டிபன் பாக்ஸையும் பிடித்துக்கொண்டு கீழே முறைத்தபடி நிற்பேன். அப்போது நான் கல்லூரியில் கடைசி வருஷம். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று வெட்கமாக இருக்கும்.

பாலத்துப் படியோரம் கொய்யாப்பழம் விற்கும் அம்மாள் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "இன்னாம்மா, டெய்லி மேல போற, கீழ வர. எதனா தொலைச்சிட்டியா?"

"இல்லம்மா. ஒரு மலைக்குப் போகப் போறேன். அதுக்குத்தான்."

"மலையா? தோ, பல்லாவரத்துல கீதே. அதுக்கா இந்தப் பாடு?"

அக்கா சிரித்தாள். சிரிக்கக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் உறுதி சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்கச்சி கதி என்ன என்று அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அம்மா எப்போதோ போய்விட்டார். ரயில்வேயில் இருந்த அப்பா வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார், அந்த வேலைதான் அக்காவுக்கு வந்தது. இரும்புலியூரில் ஓட்டு வீடு ஒன்றில் நாங்கள் இருவர் மட்டும். மாடி ஏறாதே, குடம் தூக்காதே, கல்யாணத்தைப் பற்றி நினைக்காதே என்று டாக்டர் சொன்ன மூன்றில் கடைசி இரண்டுக்கும் அவள் மறுபேச்சு பேசியதில்லை. முதலாவதை மட்டும் மீற ஆசைப்பட்டாள்.

அந்த ஆசையும் ஆபீஸில் பிறந்ததுதான். பார்சலில் காணாமல் போன, நசுங்கிப்போன பெட்டிகளைப் பற்றிக் கடிதம் எழுதுவது அவள் வேலை. வடக்கேயிருந்து வரும் ஆப்பிள் பெட்டிகளில் பாதி காத்கோடாம் என்ற ஸ்டேஷனில் ஏற்றியவை. எட்டு வருஷம் அந்தப் பெயரை எழுதி எழுதிச் சலித்து, அதற்கு அப்பால் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டிருக்கிறாள். அவளுடைய ஆபீஸில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இன்ஸ்பெக்டராக இருந்தார். காத்கோடாமோடு தண்டவாளம் முடிந்துவிடும், பஸ்ஸில் மேலே போனால் நைனிடால், அங்கிருந்து காலையில் ஒரு சிகரத்துக்கு நடந்தால் பனிமலை முழுவதும் வரிசையாகத் தெரியும், மாலைக்குள் இறங்கிவிடலாம் என்று அவர் சொன்னார். அக்டோபரில் போங்கள் என்றும் சொன்னார்.

ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு இத்தனை என்று இலவச பாஸ் உண்டு. தகப்பன் இல்லாத, கல்யாணமாகாத, வேலைக்குப் போகாத தங்கையின் பெயரையும் அதில் சேர்க்கலாம். நான் படிப்பை முடித்து டீச்சர் வேலைக்குப் போய்விட்டால் என் பெயர் போய்விடும். அக்காவால் தனியாகப் போகவும் முடியாது. ஆக, அந்த ஒரு வருஷம்தான் எங்களுக்கு இருந்தது.

"அக்டோபர்ல போலாம் பாப்பா" என்றாள்.

"அக்டோபர்லயா? ஐப்பசி மழைக்கா? நம்ம தெருவுலயே முழங்கால் தண்ணி நிக்கும். புயல் வந்தா ரயிலே ஓடாது. மலைக்குப் போறவங்க எல்லாரும் மே மாசத்துலதான் போவாங்க. ஊட்டி சீசன் எப்போன்னு யாரை வேணாலும் கேட்டுப் பாரு."

"அந்த சார் அக்டோபர்னு சொன்னாரே."

"அவருக்கு நம்ம ஊர் மழை தெரியுமா?"

எனக்கு வாய் நீளம். அக்கா எப்போதும் என் வாய்க்கு விட்டுக்கொடுத்துவிடுவாள். உண்மையில் எனக்கு அக்டோபரில் கல்லூரியில் நாடகம் இருந்தது, அதில் முக்கியமான வேஷம் எனக்கு. அதை நான் சொல்லவில்லை. மழை என்று சொன்னதும் பொய்யில்லை, நானும் அதை நம்பத்தான் செய்தேன். எங்கள் ஊரில் மழைக்காலம் என்றால் உலகத்துக்கே மழைக்காலம் என்று நினைக்கிற புத்தி, அவ்வளவுதான்.

மே மாதம் போனோம். ரயிலிலேயே மூன்று ராத்திரி போயிற்று. காத்கோடாம் பெயர்ப் பலகையின் முன்னால் அக்கா சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். பலகையில் இருந்த எழுத்துகளைத் தன் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவள் போல வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பயணத்தில் அவள் முழுச் சந்தோஷமாக இருந்தது அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையிலிருந்து நடக்கத் தொடங்கினோம். அக்கா புடவைமேல் என் ஸ்வெட்டரும் காலில் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்தாள். கையில் அப்பாவின் குடை, ஊன்றிக்கொள்ள. குதிரைக்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து கேட்டுப் பார்த்தார். நடந்துதான் போவேன் என்று அக்கா தன் ஆபீஸ் இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பாதை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாக இருந்தது. உருளைக் கல்லும் வேரும் காய்ந்த இலையும் காலை வாரின. இரண்டு பக்கமும் பாசி பிடித்த பெரிய மரங்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஏரி சிறுத்துக்கொண்டே வந்தது, பச்சையாக, அழகாகத்தான் இருந்தது. நான் அதைப் பார்த்ததைவிட அக்காவின் உதட்டைப் பார்த்ததுதான் அதிகம். மேம்பாலத்தில் எத்தனை படியோ அத்தனை அடி நடப்பாள், நிற்பாள், "ஒரு பாலம்" என்பாள். பிறகு அடுத்தது. முப்பது பாலம் வரை நானும் கூட எண்ணினேன். அதற்கு மேல் அவள் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டு விரலை மட்டும் மடக்கினாள். உதடு நாவற்பழம் தின்றது போல நிறம் மாறியிருந்தது.

"போதும்க்கா, திரும்பிடலாம்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு திரும்புறதா? நீ முன்னாடி நட."

சாதாரண ஆள் மூன்று மணி நேரத்தில் ஏறுகிற மலையில் நாங்கள் உச்சிக்குப் போகும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மேலே ஒரு சின்ன வெட்டவெளி, கல்லில் கட்டிய ஒரு காவல் குடிசை. வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையில்லை, அந்தப் பக்கம் தரையே இல்லை. அக்கா குடையை ஊன்றிக்கொண்டு விளிம்பருகே போய் நின்றாள்.

ஒன்றுமே தெரியவில்லை.

மேகம்கூட இல்லை. பல்லாவரத்தில் கல்குவாரி வெடி வைத்த பிறகு நிற்குமே, அதே தூசிதான் வானம் முழுக்க. பக்கத்து மலையே சாம்பலாக மங்கிக் கிடந்தது. அதற்குப் பின்னால் வானம் எது, மலை எது என்று பிரிக்க முடியவில்லை. விலகும் விலகும் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கொண்டுபோன புளிசாதத்தை அவள் தொடவில்லை.

குடிசையிலிருந்து வனக்காவலர் வந்தார். வயதானவர், நல்ல மனிதர். கைத்தடியை நீட்டி, இங்கே நந்தாதேவி, இங்கே திரிசூல் என்று வெறும் தூசியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்கா தடி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று கேட்டாள். அவர் தடியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார். பிறகு இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. அதில் அக்டோபர் என்ற சொல் மட்டும் புரிந்தது.

"என்ன சொன்னாரு?"

"கீழ வெயில் காலத்துல கிளம்புற தூசியாம். மே மாசத்துல தெரியாதாம்." அவ்வளவுதான் சொன்னாள். வீட்டில் நான் அன்றைக்குச் சொன்னது எதையும் அவள் பேச்சில் எடுக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும்.

இறங்கும்போது பாதி வழியில் இருமல் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகுவதற்குள் நான் பார்த்துவிட்டேன், நுரை ரோஜா நிறத்தில் இருந்தது. மிச்ச தூரம் குதிரையில் கொண்டுவந்தோம். காலையில் திருப்பி அனுப்பிய அதே குதிரைக்காரர்தான்.

ஊர் திரும்பி, மெடிக்கல் லீவு எழுதிக்கொடுக்க அவளை ஆபீஸுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். அந்த இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து நாற்காலி போட்டார்.

"என்னம்மா, பனிமலை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். நல்லாத் தெரிஞ்சுது. வரிசையா."

அவர் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நந்தாதேவியும் தெரிஞ்சுதா? அப்ப சரி, அப்ப சரி" என்று சொல்லிவிட்டு எங்களுக்குக் காபி சொல்லப் போனார். எனக்காகத்தான் அக்கா பொய் சொன்னாள். அவரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை.

ஜூனில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா அதற்குப் பிறகு ஆபீஸுக்கு அதிகம் போகவில்லை. செப்டம்பரிலிருந்து படுக்கைதான். படுத்தால் மூச்சு முட்டும், அதனால் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே இருப்பாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அக்டோபர் வந்தது. மழை வரவில்லை. இரும்புலியூரில் கிணறுகள் தரை தட்டின. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மழைக்காக விசேஷ ஜெபம் வைத்தார்கள். எல்லோரும் கிணற்றுக்காகக் கேட்டார்கள். நான் முழங்கால் போட்டு, இந்த அக்டோபரிலாவது கொட்டித் தீர்க்கட்டும், நான் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியட்டும் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தால் ஜன்னலுக்கு வெளியே வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும்.

"வெயில் நல்லா அடிக்குதுல்ல" என்பாள் அக்கா. குத்திக்காட்டுவதற்காக இல்லை, அவளுக்குக் குத்திக்காட்டவே தெரியாது.

"அடுத்த வருஷம் அக்டோபர்ல போலாம்க்கா."

"பாஸ்ல உன் பேரு வராதே பாப்பா."

மழை நவம்பரில்தான் பிடித்தது. அக்காவை அடக்கம் செய்து அப்போது பதினோரு நாள். இரண்டு நாள் விடாமல் பெய்தது, தெருவில் நான் சொன்ன மாதிரியே முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"மழைல மண்ணு உள்ள இறங்கிட்சும்மா. இன்னும் ரெண்டு கூடை கொட்டணும். நீ வந்து பாக்குறியா?"

கல்லறைத் தோட்டத்துக்கு அந்த ரயில் மேம்பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அக்கா நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்று நின்று ஏறினேன்.